ஆண்கள் பக்கத்துப் போஸ்டர்

போஸ்டர் இன்னும் அட்டைக் குழாயை விட்டு வெளியே வரவில்லை. அதற்குள் உசாமி அதற்குத் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்.

"அந்த முகமும், கன்னத்தோரமா இருக்கிற பேரும் ஒட்டு வேலை. மிச்சத் தாள் அசல். இதுக்குத்தான் என்னைக் காலங்கார்த்தால கூப்பிட்டீங்களா?"

டோக்கியோவில் சினிமாவோடு சம்பந்தப்பட்ட யாரும் உசாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சென்செய்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் வாத்தியார் என்று அர்த்தம். பழைய படங்களைப் பற்றித் தலையணை கனத்தில் மூன்று பாகம் கலைக்களஞ்சியம் எழுதியவர். பழைய போஸ்டர் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். அவர் முத்திரை குத்தினால் காகிதம் பொக்கிஷம், குத்தாவிட்டால் மீன் மடிக்கிற தாள். இந்த அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்பது மரியாதை இல்லை என்பதால் கேட்கவும் இல்லை.

"சென்செய் சொல்றதுல கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கத்தான் செய்யுது..." என்று இடுப்பு வளைய வணங்கினார் கடைக்காரர் குசகாபே. ஜிம்போச்சோ புத்தகத் தெருவில் இந்த வாக்கியத்துக்கு 'நான் சரணாகதி' என்று பொருள்.

"யோசிக்கறதுக்கு முன்னால பார்க்கலாமா?" என்றார் குரோசு.

குரோசு துப்பறிகிறவர். முன்பு தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கிடங்கு எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று முகர்ந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முதலாளியின் மச்சான் வீட்டில் முகரக்கூடாததை முகர்ந்துவிட்டதால் இப்போது சொந்தத் தொழில். அவருடைய உதவியாளர் மிஹோ. வேன் ஓட்டுவதும், கணக்கெழுதுவதும், குரோசு சொல்ல நினைத்து விழுங்குவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதும் அவள் வேலை.

உசாமி சட்டைப் பைக்குள்ளிருந்து ரயில் பாஸ் அளவில் தேய்ந்துபோன ஒரு தோல் உறையை எடுத்தார். அதிலிருந்து விசிட்டிங் கார்டு ஒன்றை உருவி, மிஹோவிடம் ஒற்றைக் கையால் நீட்டினார். இன்னொரு கை உறையை மூடிப் பிடித்திருந்தது.

மிஹோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகம் மட்டும் சிவந்துவிட்டது. டோக்கியோவில் பால் பாக்கெட் போடுகிறவன்கூடக் கார்டு கொடுத்தால் இரண்டு கையால்தான் கொடுப்பான்.

"பார்த்தீங்களா பாஸ்?" என்று முணுமுணுத்தாள். "ஒத்தைக் கை! நான் என்ன, போஸ்ட் பெட்டியா?"

"பார்த்தேன். அந்த உறையையும் பார்த்தேன்" என்றார் குரோசு.

மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மினாசே கயோகோ. பல்செட் ஒட்டுகிற பசை விளம்பரத்தில் ஆப்பிளைக் கடிப்பவர் என்றால் குழந்தைக்கும் தெரியும். வேறு எதற்காகவும் யாருக்கும் தெரியாது என்பதுதான் அவருடைய வியாதி. குரோசுவைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

"எத்தனையோ வருஷமா கத்தறேன், 'வெள்ளை நரியின் மணக்கோலம்' படத்துல நரிப் பொண்ணா நடிச்சது நான்தான்னு" என்றார். "மூஞ்சி பூரா வெள்ளை பூசி நடிச்சேன், பெத்த தாய்க்கே அடையாளம் தெரியலை. படம் வந்த மறுவாரமே ஸ்டூடியோ எரிஞ்சுபோச்சு, ஒரு ரீல் மிஞ்சலை. டைரக்டரும் போய்ச் சேர்ந்துட்டார். இந்த மனுஷன் புஸ்தகத்துல நரி வேஷம் தோகாஷி மிட்சுயோன்னு எழுதிட்டார். மிட்சுயோ பாவம், நல்லவ. செத்துட்டா, வந்து மறுக்க மாட்டா."

"ஆராய்ச்சி முடிவு அம்மா அது" என்றார் உசாமி, அவர் முகத்தைப் பார்க்காமலே. "என் ஆராய்ச்சி உணர்ச்சிவசப்படாது."

"இன்னிக்கு சாயந்திரம் திரைப்பட மண்டபத்துல அந்தப் படத்துக்குப் பித்தளைப் பலகை மாட்டப் போறாங்க குரோசு ஸார். அதுல யார் பேர் ஏறுதோ அவதான் நரி. நான் செத்த பிறகும் அந்தப் பலகை அங்கேயே இருக்கும். எனக்கு அந்த ஒரு பேர் வேணும். பசைக்காரியா சாக எனக்கு இஷ்டமில்லை."

குரோசு குழாயிலிருந்து போஸ்டரை உருவி மேஜையில் விரித்தார்.

பனி படர்ந்த மூங்கில் காடு. நடுவே மணப்பெண் முக்காடு போட்ட வெள்ளை முகம், சாய்ந்த கண்கள். கன்னத்தை ஒட்டி மேலிருந்து கீழாக 'மினாசே கயோகோ'. தாள் முழுக்கத் தேநீர் நிறத்தில் பழுப்பேறியிருந்தது. குரோசு குனிந்து முகர்ந்தார்.

"சிகரெட்."

"நான் பிடிக்கலை" என்றாள் மிஹோ.

"தாள் பிடிச்சிருக்கு. வருஷக்கணக்கா. எங்கேர்ந்து வந்தது குசகாபே ஸார்?"

"கிதா-செஞ்சுவில் மிகசுகின்னு ஒரு பொதுக் குளியல்கூடம். இடிக்கப் போறாங்க. ஆம்பளைங்க உடை மாத்தற அறைச் சுவர்லேர்ந்து நானே கழட்டிட்டு வந்தேன். போன மாசம்."

குரோசு போஸ்டரைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். வெயில் தாளுக்குள் புகுந்தது. முகத்தையும் பெயரையும் சுற்றி ஒரு கறுத்த விளிம்பு தெரிந்தது. மேலே ஒட்டப்பட்ட துண்டு!

குசகாபே ஜன்னலுக்கு ஓடி வந்தார். "ஒரு மாசமா தினமும் துடைச்சு வைக்கறேனே! என் கண்ணுல படலையே!"

கயோகோ கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு காம்பு காதில் ஏறவில்லை.

"மிட்சுயோவின் முகம் இருந்த இடத்துல இந்த அம்மா முகத்தை யாரோ ஒட்டியிருக்காங்க" என்றார் உசாமி. "யாருன்னு நான் சொல்லத் தேவையில்லை. சாயந்திரம் அஞ்சு மணிக்கு முடிவை அறிவிக்கறேன். பலகை தயாரா இருக்கு. என் பேச்சும் தயாரா இருக்கு."

அவருடைய டிரைவர் வாசலில் கார்க் கதவைத் திறந்து பிடித்தான். கார் போகும்வரை குசகாபே வணங்கியபடியே நின்றார்.

"முடிஞ்சுதா?" என்றார் கயோகோ.

"இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றார் குரோசு. "மிஹோ, இங்க வா. இந்த ஓரத்துல என்ன தெரியுது?"

மிஹோ பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ஒட்டின துண்டின் விளிம்பில் நசுங்கிக் காய்ந்துபோன ஏதோ ஒன்று.

"சோத்துப் பருக்கை!"

"ஏமாத்தறதுக்காக ஒட்டறவன் நல்ல பசை வாங்குவான். சாப்பிட்டு மிஞ்சின சோத்தை நசுக்கி ஒட்டறது யாரு?"

"எங்கம்மா. கிழிஞ்ச ஜன்னல் காகிதத்துக்கு."

"அதேதான். இது வீட்டு வேலை. சிகரெட் கறையைப் பாரு, ஒட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரே சீரா ஓடுது. அதனாலதான் இவர் கண்ணுல படலை. இந்த ஒட்டு நேத்தோ முந்தாநேத்தோ போட்டதில்லை. இப்ப வெளிச்சத்துல பாரு, காதோரம்."

காதோரம் வளைந்து தொங்கிய முடிக்கற்றை இரண்டாகத் தெரிந்தது. ஒன்று ஒட்டின துண்டில், இன்னொன்று அடித்தாளில். ஒன்றின் மேல் ஒன்று, மயிரிழை விலகி.

மிஹோவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "ரெண்டுலயும் ஒரே முடின்னா... துண்டும் இதே போஸ்டர்தான்! இன்னொரு பிரதியிலேர்ந்து வெட்டினது!"

"வெட்டு விழறதுக்கு முன்னாலயும் இங்க இதே முகம்தான் இருந்திருக்கு. அப்புறம் எதுக்கு முகத்தை எடுத்துட்டு அதே முகத்தை ஒட்டணும்?"

"அதை சென்செய் இருக்கும்போதே சொல்லித் தொலைச்சிருக்கலாமே பாஸ்!"

"சொன்னா என்ன சொல்வார்? இன்னொரு பிரதி எங்கேன்னு கேப்பார். உலகத்துலயே இந்தப் படத்துக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு தாள்தான்னு போன வாரம் அவரே எழுதியிருக்கார். வேனை எடு. அந்த இன்னொண்ணைப் பார்த்துட்டு வந்துடலாம்."

வேனில் ஏறும்போது குரோசு கேட்டார்: "காலையில உசாமி என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?"

"ஒட்டு வேலைன்னார். கரெக்டாத்தானே சொன்னார்?"

"கரெக்ட்தான். அப்போ போஸ்டர் எங்கே இருந்தது?"

மிஹோ சாவியைத் திருகாமல் திரும்பிப் பார்த்தாள். "குழாய்க்குள்ள! அவர் பார்த்தது குசகாபே ஸாரோட விலைப்பட்டியல்ல வந்த தபால்தலை சைஸ் படம் மட்டும்தான். ஒரு மாசம் துடைச்சவருக்கே தெரியாத ஒட்டு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அனுபவமாம்" என்றார் குரோசு.

"இப்படிப்பட்ட அனுபவம் இருக்கறவர் லாட்டரிச் சீட்டு வாங்கலாமே!"

மிகசுகி குளியல்கூடத்தின் புகைபோக்கியை இடிக்கத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்காக வெந்நீர் நிற்குமா? மூன்று மணிக்குக் கதவு திறந்தது, தெருவில் உள்ள கிழடுகளெல்லாம் துண்டும் வாளியுமாக உள்ளே போயின. நடுவில் உயரமான பலகை ஆசனத்தில், ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒருசேரத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார் உரிமையாளர் தோகு அம்மா. வாயில் புகையாத சிகரெட்.

"குளிக்கவா, பேசவா?" என்றார். "பேசறதுன்னாலும் காசுதான். வாசல் மிதிச்சாச்சில்ல?"

குரோசு காசை வைத்தார். "போன மாசம் ஒரு போஸ்டர் குடுத்தீங்களாமே?"

"அந்த ஜிம்போச்சோ ஆளா? வளைஞ்சு வளைஞ்சு கும்பிட்டான், எனக்கே முதுகு வலிச்சுது. என்ன, திருப்பித் தரப் போறானா? முடியாது."

"வேண்டாம்மா. இங்க போஸ்டர் எதுக்கு மாட்டினீங்க?"

"எதுக்கா? ஓசி டிக்கெட்டுக்குத்தான். தியேட்டர்காரன் போஸ்டர் குடுப்பான், நாங்க மாட்டுவோம். வாரம் ஒரு தடவை அவன் ஆள் வந்து பார்ப்பான். கிழிசல் இல்லாம இருந்தா ரெண்டு டிக்கெட். கிழிஞ்சிருந்தா கும்பிடு மட்டும். இந்தப் படத்தோட தியேட்டரையே மூடிட்டான். கழட்டச் சொல்ல ஆள் இல்லை, நான் விட்டுட்டேன்."

குரோசு தலையாட்டியபடி பெண்கள் பக்கத்துத் திரையை நோக்கி ஒரு அடி வைத்தார்.

"யோவ்!" தோகு அம்மாவின் குரல் கூரையில் மோதியது. "எங்கே போறே? உள்ள அவுத்துப் போட்டுட்டு நிக்கறாங்க! கண்ணைத் தோண்டிக் கையில குடுத்துடுவேன்!"

உள்ளேயிருந்து ஏழெட்டுக் கிழவிகள் கெக்கலி கொட்டினார்கள். ஒருத்தி, "வரட்டுமே தோகு, நமக்கென்ன நஷ்டம்?" என்றாள்.

குரோசு அங்கேயே நின்றுவிட்டார். காது மடல் சிவந்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியதை மிஹோ பார்த்தாள்.

"தியேட்டர்காரனோட ஆள்... ஆம்பளைதானே?"

"பின்னே?"

"அப்போ அவனும் இதே இடத்துலதான் நின்னிருப்பான். ஆம்பளைங்க பக்கத்துப் போஸ்டரைத்தான் பார்த்திருப்பான். பொம்பளைங்க பக்கம் இன்னொண்ணு இருந்தாலும், அதுல முகம் இருக்கா, இல்லையான்னு அவனுக்குத் தெரியாது."

தோகு அம்மா வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டார். குரோசுவை முதன்முறையாக மனிதனாகப் பார்த்தார்.

"எப்பவும் ரெண்டுதான் குடுப்பான், ரெண்டு பக்கத்துக்கும். ஒரு நாள் ராத்திரி எந்தப் பயலோ ஆம்பளை பக்கத்து நரி மூஞ்சியை பிளேடு போட்டு எடுத்துட்டான். மறுநாள் தியேட்டர் ஆள் வரணும். டிக்கெட் போயிடுமேன்னு பொம்பளை பக்கத்து மூஞ்சியை வெட்டி, மத்தியானச் சோத்தை நசுக்கி அங்க ஒட்டினேன். வந்தான், பார்த்தான், ரெண்டு டிக்கெட் குடுத்தான். படம் சுமார்தான். ஆனா அந்த நரிப் பொண்ணு இருக்கா பாரு, கண்ணாலயே கொன்னுட்டா."

"மூஞ்சி போன இந்தப் பக்கத்துப் போஸ்டர் என்னாச்சு?" என்றாள் மிஹோ அவசரமாக.

"நல்ல கெட்டித் தாள், தூக்கியா போடுவேன்? வாடகைத் துண்டு வைக்கற இழுப்பறைக்கு அடியில விரிச்சேன்."

மிஹோ செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் பெரிய தாள் ஒன்று இருந்தது. பனி, மூங்கில் காடு, மணப்பெண் முக்காடு. முக்காட்டுக்குள் ஓட்டை. அதன் வழியாக மிஹோவின் முகம் சிரித்தது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் குரோசு. "அந்தக் காலத்துல இந்தத் தெருவுல உசாமின்னு யாராவது?"

"எதிர்த்த டோஃபு கடை, சோயாக் கட்டி விக்கறவன். அவன் பையன் பெரிய படிப்பாளி ஆயிட்டானாமே! ராத்திரி எல்லாரும் போன பிறகு கடைசி ஆளா வருவான், கூச்சப்பட்ட பய."

"டோஃபு கடையா?" மிஹோவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. "புஸ்தகத்துல 'கடலோரக் காமகுராவின் தொன்மையான குடும்பத்தில் பிறந்தவர்'னு போட்டிருக்காரே!"

"சோயாவும் தொன்மைதான்" என்றார் குரோசு. "அம்மா, நீங்களும் வாங்க. மண்டபம் வரைக்கும்."

"கடையை யார் பார்ப்பா? சரி, வரேன். ஆனா டிக்கெட் ரெண்டு வேணும்."

திரைப்பட மண்டபத்தில் நாற்காலி நிரம்பியிருந்தது. பட்டுத் துணி மூடிய பலகைக்குப் பக்கத்தில் உசாமி ஒலிபெருக்கி முன் நின்று, உண்மைக்கும் தனக்கும் உள்ள நீண்டகால உறவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் கயோகோ, தலையைக் குனியாமல். குனிந்தால் அழுதுவிடுவார் என்பது பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. அதனால் மரியாதையாக எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

குரோசு மேடையேறினார். பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்டைப் போஸ்டரை மேஜையில் விரித்தார். குசகாபே, கடையில் ஒட்டுத் துண்டின் மேல் மெல்லிய காகிதம் வைத்து வரைந்து கொண்டுவந்த வடிவத்தை ஓட்டையின் மேல் வைத்தார். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. காதோர முடி வளைவுகூடப் பிசகவில்லை. தோகு அம்மா கீழேயிருந்தே டிக்கெட் கதையைக் கூட்டத்துக்குச் சொன்னார், மைக் அவருக்குத் தேவைப்படவில்லை.

மண்டபம் சிரித்தது. உசாமி சிரிக்கவில்லை.

"சுவாரசியமான தகவல்" என்றார். "அடுத்த பதிப்புல பரிசீலிப்போம்."

"கண்டிப்பா சென்செய்" என்றார் குரோசு. "அதுக்கு முன்னால ஒரு சின்ன விஷயம். காலையில என் உதவியாளருக்குக் கார்டு குடுத்தீங்க. எனக்குக் குடுக்கலை."

இரண்டு கையையும் நீட்டி, இடுப்பு வளைய வணங்கி, அப்படியே நின்றார்.

கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. மண்டப இயக்குநர், சங்கத்து ஆட்கள், பத்திரிகைக்காரர்கள். இத்தனை பேர் முன்னால் ஒற்றைக் கையால் கார்டு நீட்டினால் உசாமியின் மூன்று பாகமும் அவரைக் காப்பாற்றாது. தோல் உறையை எடுத்தார். கார்டை உருவினார். ஒரு கணம் தயங்கி, உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கார்டை நீட்டினார்.

குரோசு வாங்கவில்லை. இன்னும் தாழ்வாக வணங்கினார். கொடுப்பவர் அதைவிடத் தாழ வேண்டும், அதுதான் முறை. உசாமி தாழ்ந்தார். உறை நழுவி மேடையில் விழுந்து, புத்தகம் போல விரிந்தது.

"கார்ல போற மனுஷனுக்கு ரயில் பாஸ் உறை எதுக்குன்னு காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் குரோசு, நிமிராமலே.

பள்ளிக்கூடப் பையன்கள் பாஸ் உறையின் மறுபக்கத்தில் எதை வைப்பார்கள் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஒரு காலத்தில் வைத்தவர்கள்தான். தேய்ந்த கண்ணாடித் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளை முகம். சாய்ந்த கண்கள். கன்னத்தோரம் மேலிருந்து கீழாக ஒரு பெயர். காதோர முடிக்கற்றை மட்டும் இல்லை.

கயோகோ மேடையேறி அதைக் குனிந்து எடுத்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நீங்களா?" என்றார்.

"நான்... லெட்டர் போட்டேன்" என்றார் உசாமி. அந்தக் குரல் கலைக்களஞ்சியத்தில் எங்கும் இல்லாத குரல். "நிறைய லெட்டர். ஒண்ணுக்கும் பதில் இல்லை. அப்புறம் நீங்க அந்த பேஸ்பால்காரனைக் கட்டிக்கிட்டீங்க."

"லெட்டரெல்லாம் மூட்டையா வரும். எங்க அக்கா வெந்நீர் அடுப்புக்குப் போட்டுடுவா. பேஸ்பால்காரனும் ஒரு வருஷத்துல ஓடிட்டான்." கயோகோவின் குரல் உடைந்தது. "முகத்தை வெட்டி எடுத்துக்கிட்டே, சரி, சின்னப் பையன். பேரையும் ஏன்டா எடுத்தே?"



கயோகோ உறையை மூடி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"முகம் உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு இப்ப அது பொருந்தாது. பேரைத் திருப்பிக் குடு. அந்த மைக்குல சொல்லு."

உசாமி வாங்கிக்கொண்டார். ஒலிபெருக்கிக்குப் போகிற நாலைந்து அடிக்குள் அவர் டோஃபு கடைப் பையனாகிவிட்டிருந்தார்.

"நரிப் பெண்ணாக நடித்தவர்... மினாசே கயோகோ."

"பின்வரிசைக்குக் கேக்கலை" என்றார் கயோகோ. "இன்னொரு தடவை சொல்லு."